வழுவும் வழுவமைதியும்: கரோலினா மரியா தெ ஜெசூசின் நாட்குறிப்பும் போர்த்துகீசிய மொழி பயிலும் மாணவ வாசிப்பும்

ஆய்வுச்சுருக்கம்

பிரேசில் நாட்டு எழுத்தாளர் கரோலினா மரியா தெ ஜெசூஸ் எழுதிய 'குவார்த்து தி தெஸ்பேஜு' என்னும் நாட்குறிப்பு நூல் 1960ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆசிரியரின் மொழிப்பிழைகள் திருத்தப்படாமல் அச்சான நூல் என்ற அறிமுகத்துடனேயே அது இன்றளவும் வாசிக்கப்படுகிறது. மாணவ மொழித்திட்டம் ஒன்றின் பகுதியாகப் போர்த்துகீசிய மொழியைப் பயின்று, இந்நூலின் சில நாட்குறிப்புகளைத் தமிழாக்க முயன்ற பட்டறிவிலிருந்து இக்கட்டுரை எழுகிறது. 'பிழை' என்று ஒரே பெயரால் சுட்டப்படுவன உண்மையில் மூன்று வெவ்வேறு மொழிநிகழ்வுகள் என்றும், அவற்றை வேறுபடுத்தாத வாசிப்பு ஆசிரியரின் இலக்கிய விழைவை மறைத்துவிடுகிறது என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது. தமிழ் இலக்கண மரபின் வழு, வழுவமைதி ஆகிய கருத்தாக்கங்கள் இவ்வாய்வுக்குக் கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன. அவற்றின் எல்லையும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பிரேசில் இலக்கியம், கரோலினா மரியா தெ ஜெசூஸ், நாட்குறிப்பு, வழுவமைதி, மொழிபெயர்ப்பு, மொழிக்கல்வி

1. முன்னுரை

போர்த்துகீசிய மொழியைக் கற்கத் தொடங்கும் தமிழ் மாணவருக்கு முதல் சில வாரங்கள் மகிழ்ச்சியானவை. சன்னல், சாவி, மேசை, அலமாரி, பாதிரி என அன்றாடம் புழங்கும் சொற்கள் பல பாடநூலில் வேற்றுருவில் எதிர்ப்படும். அன்னாசி என்னும் சொல் போர்த்துகீசியம் வழியாகத் தமிழுக்கு வந்தது என்பதும், அதன் வேர் தென் அமெரிக்கப் பழங்குடி மொழியான தூப்பி மொழிக் குடும்பத்தைச் சார்ந்தது என்பதும் தெரியவரும்போது அம்மகிழ்ச்சி வியப்பாகும். ஆயினும் இச்சொற்பட்டியல் 16ஆம் நூற்றாண்டு முதலான கடல்வணிகத்தையும் சமயப் பரப்பலையும் பற்றிச் சொல்வதே மிகுதி. இன்றைய பிரேசிலைப் பற்றி அது சொல்வது மிகக் குறைவு.

பிரேசில் பண்பாட்டை அறிமுகப்படுத்தும் தொடக்கநிலைப் பாடங்கள் பெரும்பாலும் கார்னிவல், கால்பந்து, சாம்பா, ஃபெய்ஜோவாடா என்னும் கருப்பு அவரை உணவு, 'சவுதாஜி' என்னும் ஏக்கச்சொல் ஆகியவற்றைச் சுற்றியே அமைகின்றன. இவை பொய்யல்ல, ஆனால் விருந்தினருக்குக் காட்டப்படும் முன்னறை போன்றவை. கட்டுரையாளர் தம் மொழித்திட்டத்தின் நிறைவுப் பணியாகக் கரோலினாவின் நாட்குறிப்பைத் தேர்ந்தமைக்கு, அந்நூலின் தலைப்பே வீட்டின் மற்றோர் அறையைச் சுட்டியது முதற்காரணம். எளிய மொழியில் எழுதப்பட்ட நூல், எனவே கற்போருக்கு ஏற்றது என்று பலரும் பரிந்துரைத்தது இரண்டாவது காரணம். இந்த இரண்டாவது காரணம் தவறு என்பதே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

2. நூலும் அதன் பின்புலமும்

கரோலினா மரியா தெ ஜெசூஸ் 1914ஆம் ஆண்டு மினாஸ் ஜெரைஸ் மாநிலத்தின் சக்ரமெந்து என்னும் ஊரில் பிறந்த கறுப்பினப் பெண். ஏறத்தாழ ஈராண்டுகளே பள்ளியில் பயின்றவர். பின்னர் சாவோ பாவுலோ நகரில், தியெத்தே ஆற்றங்கரையில் அமைந்த கனிந்தே என்னும் ஃபவேலாவில் (நகர்ப்புறக் குடிசைப்பகுதியில்) தம் மூன்று பிள்ளைகளுடன் வாழ்ந்தார். தெருக்களில் பழைய தாள்களையும் இரும்பையும் பொறுக்கி விற்றுப் பிழைத்தார். பொறுக்கிய குறிப்பேடுகளின் வெற்றுப் பக்கங்களில் நாட்குறிப்பும் கவிதையும் கதையும் எழுதினார்.

1958ஆம் ஆண்டு அவுதாலியோ தந்தாஸ் என்னும் இதழாளர் செய்தி திரட்டச் சென்றபோது இக்குறிப்பேடுகளைக் கண்டார். சில பகுதிகள் முதலில் இதழ்களில் வந்தன. 1960 ஆகஸ்டில் நூல் வெளியாகிப் பெரும் விற்பனை கண்டது. விரைவில் பல மொழிகளுக்கும் சென்றது. 1955ஆம் ஆண்டின் சில நாள்களும், 1958 முதல் 1960 தொடக்கம் வரையிலான காலமும் நூலில் இடம்பெற்றுள்ளன. தந்தாஸ் குறிப்பேடுகளிலிருந்து தேர்ந்தெடுத்தார். திரும்பத் திரும்ப வருவனவற்றை நீக்கினார். நீக்கிய இடங்களைப் புள்ளிகளால் காட்டினார். ஆனால் ஆசிரியரின் எழுத்துமுறையையும் தொடரமைப்பையும் திருத்தவில்லை என்று முன்னுரையில் அறிவித்தார்.

இந்த அறிவிப்புக்கு ஒரு சூழல் உண்டு. ஃபவேலாவில் வாழும் பெண் இப்படி எழுதியிருக்க இயலாது, இதழாளரே எழுதியிருப்பார் என்ற ஐயம் அன்று எழுந்தது. கவிஞர் மனுவெல் பண்டெய்ரா போன்றோர் நூலின் உண்மைத்தன்மைக்கு ஆதரவாக நின்றனர். இவ்விவாதத்தில் பிழைகள் ஒரு கடவுச்சீட்டின் வேலையைச் செய்தன. பிழை இருப்பதால் அது அவருடைய எழுத்து. அவருடைய எழுத்தாதலால் அதில் பிழை இருந்தே ஆகவேண்டும். இச்சுழல்வாதத்தின்படி அவர் கையாண்ட ஒவ்வோர் உயர்சொல்லும் ஐயத்துக்குரியதாயிற்று.

3. மூவகை வழு

தமிழ் இலக்கண மரபு சொல்லை வழாநிலை, வழு, வழுவமைதி என்று வைத்து ஆராயும். தொல்காப்பியக் கிளவியாக்கம் தொட்டுத் திணை, பால், இடம், காலம், செப்பு, வினா, மரபு என வழு எழுவகைப்படும் என்பது உரைமரபு. இவற்றுள் வழுவமைதி தனித்து எண்ணத்தக்கது. இலக்கணத்திலிருந்து விலகினும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது அது. பசுவை உவப்பினால் 'அம்மை' என்று உயர்திணையாக்கி அழைப்பதை நன்னூலார் வழுவென்று தள்ளாது இயல்பெனக் கொள்வதற்கு அவ்வுவப்பே காரணம். ஆகவே விலகலைக் கண்டவுடன் தீர்ப்பிடாது, காரணத்தை வினவுதல் இம்மரபின் முறை. இம்முறையில் கரோலினாவின் நூலை அணுகும்போது 'பிழை' என்னும் ஒற்றைச்சொல் மூன்றாகப் பிரிகிறது.

3.1 எழுத்துமுறை விலகல்

முதலாவது, எழுத்துக்கூட்டிலும் உயிர்க்குறிகளிலும் காணும் விலகல். பயிற்சியேட்டில் ஆசிரியரின் சிவப்பு மை முதலில் தொடும் இடமும் இதுவே. ஆனால் போர்த்துகீசிய எழுத்துமுறை அண்மைக்காலத்தில் பலமுறை மாற்றப்பட்டது. 1943ஆம் ஆண்டு விதிகளின்படி 'அவன்' என்னும் பொருளுடைய சுட்டுப்பெயரின் முதலுயிர்மேல் கூரைக்குறி இடவேண்டும். இடாமல் எழுதினால் பிழை. 1971ஆம் ஆண்டுச் சட்டம் அக்குறியை நீக்கியது. அதன்பின் இட்டு எழுதுவதே பிழையாயிற்று. 2009ஆம் ஆண்டு பிரேசிலில் நடைமுறைக்கு வந்த எழுத்துமுறை உடன்பாடு மேலும் சில குறிகளை அகற்றியது. 1978ஆம் ஆண்டுத் தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் பழைய அச்சு நூல்களின் ணை, லை, னை வடிவங்களை எதிர்கொள்ளும் இன்றைய மாணவருக்கு இது புதிதன்று. எழுத்துமுறை விலகலில் ஒரு பகுதி எழுதுபவரின் குறையன்று. அரசாணையின் காலம் பற்றியது. அதனை ஆசிரியரின் தன்மையாகப் போற்றுவதற்கும் இகழ்வதற்கும் போதிய அடிப்படை இல்லை.

3.2 இயைபு விலகல்

இரண்டாவது, பன்மை இயைபில் காணும் விலகல். 'அச்சிறுவர்கள்' என்பதற்கு ஏட்டு வழக்கில் 'உஸ் மெனினுஸ்' எனச் சுட்டும் பெயரும் இரண்டும் பன்மை ஏற்கவேண்டும். பிரேசிலின் மக்கள் வழக்கில் 'உஸ் மெனினு' என்பதே போதும். சுட்டு பன்மையைக் காட்டிவிட்டதால் பெயர் அதனை மீண்டும் காட்டுவதில்லை. இது ஒழுங்கற்ற பேச்சன்று, வேறோர் ஒழுங்குடைய பேச்சு. மொழியியலாளர் மார்க்குஸ் பாக்னு 1999ஆம் ஆண்டு வெளியிட்ட 'மொழித் தப்பெண்ணம்' பற்றிய நூலில் இக்கருத்தை விரிவாக நிறுவினார். லேலியா கொன்சாலெஸ் பிரேசில் பேச்சில் ஆப்பிரிக்க மொழிகளின் தடத்தைச் சுட்டி, கறுப்பைக் குறிக்கும் 'பிரெத்து' என்னும் சொல்லையும் மொழியின் பெயரையும் இணைத்துப் 'பிரெத்துகேஸ்' என்னும் சொல்லால் அதனைக் குறித்தார். ஆயினும் 2011ஆம் ஆண்டு, வளர்ந்தோர் கல்விக்கான பாடநூல் ஒன்று இத்தகைய இயைபை மக்கள் வழக்கு என விளக்கியதற்கே நாடளாவிய எதிர்ப்பு எழுந்தது. கரோலினாவின் நூல் வந்து ஐம்பதாண்டு கடந்தும் இயைபு ஒரு வகுப்பு அடையாளமாகவே நீடித்தது என்பதற்கு இது சான்று.

தமிழில் 'புத்தகங்கள் இருக்கிறது' என்று பேசுவோர் பலர். 'இருக்கின்றன' என்று எழுதவேண்டும் என்பது விதி. எனவே இவ்வகை விலகலைத் தமிழில் உணர்த்தத் தமிழின் உள்ளிருந்தே வழியுண்டு.

3.3 உயர்சொல் விழைவு

மூன்றாவது வகையே இக்கட்டுரையின் மையம். இது விதிக்குக் கீழே இறங்கும் விலகலன்று, மேலே ஏறும் விலகல். கரோலினா துயில் எழுவதைக் குறிக்கப் 'படுக்கை' என்னும் பொருளுடைய அன்றாடச் சொல்லான 'கமா'வை விடுத்து, செய்யுள் வழக்குக்குரிய 'லெய்த்து' என்னும் சொல்லைப் பலவிடத்தும் ஆள்கிறார். பிள்ளைகளைக் கழுவிவிடுவதற்கு 'லவார்' என்னும் எளிய வினை இருக்க, 'அப்லுயிர்' என்னும் அருவினையைக் கொள்கிறார். இது சடங்குநீராட்டை நினைவூட்டும் சொல்.

நூலின் முதற்குறிப்பான 1955 ஜூலை 15ஆம் நாள் பதிவு இவ்வகையில் கூர்ந்து நோக்கத்தக்கது. அது மகள் வேராவின் பிறந்தநாள். காலணி வாங்கப் பணமில்லை; குப்பையில் கிடைத்த ஓர் இணையைக் கழுவித் தைத்துக் கொடுக்கிறார். அதே பதிவில் பிள்ளைகளைத் தூங்கவைத்துத் தாமும் தூங்கச் செல்வதைச் சொல்ல 'அலெய்த்தார்' என்னும் வினையை ஆள்கிறார். அகராதியைப் பார்த்து கட்டுரையாளர் இதனை முதலில் 'பாலூட்டினேன்' என்று மொழிபெயர்த்தார். அகராதி தரும் பொருள் அதுவே. அடுத்த வினை கட்டுரையாளரைத் திகைக்கச் செய்தது. அதே வினையைக் கரோலினா தம்மையே செயப்படுபொருளாக்கியும் எழுதியிருந்தார். ஒருவர் தமக்குத் தாமே பாலூட்டிக்கொள்ள இயலாது. 'லெய்த்து' என்னும் படுக்கைச் சொல்லிலிருந்து 'படுக்கையில் கிடத்து' என்ற பொருளில் அவர் ஒரு வினையை ஆக்கிக்கொண்டார் என்பது அப்போதே புலனாயிற்று.

இது பிழையா, சொல்லாக்கமா? அகராதியின் நோக்கில் பிழை. ஆனால் பெயரிலிருந்து வினை ஆக்கும் போர்த்துகீசிய விதியை அவர் மீறவில்லை, பின்பற்றினார். பொறுக்கிய காலணியைக் கழுவித் தைத்த அதே நாளில், கிடைத்த ஒரு சொல்லையும் அவர் தம் தேவைக்கு ஏற்பத் தைத்துக்கொண்டார். எளிய மொழி என்று பரிந்துரைக்கப்பட்ட நூலில் மாணவ வாசகர் தடுமாறுவது பாமரச் சொல்லில் அன்று, இத்தகைய அருஞ்சொல்லில்தான்.

4. யாருக்கு நடை, யாருக்குப் பிழை?

விதியை மீறுவது பிரேசில் இலக்கியத்துக்குப் புதிதன்று. 1922 பிப்ரவரியில் சாவோ பாவுலோ நகராட்சி அரங்கில் நடைபெற்ற நவீனக் கலைவாரத்தைச் சார்ந்தோர் போர்த்துகல் ஏட்டிலக்கணத்திலிருந்து பிரேசில் பேச்சை விடுவிப்பதைக் கொள்கையாகவே கொண்டனர். மாரியோ தெ அந்திராதி 1928ஆம் ஆண்டு எழுதிய 'மகுனைமா'வில் நாயகன் தன் குடிமக்களான பெண்களுக்கு ஒரு மடல் எழுதுகிறான். ஆரவார ஏட்டுநடையில், தவறிய உயர்சொற்களுடன் அமைந்த அம்மடல், ஒரு மொழியில் பேசி வேறொரு மொழியில் எழுதும் நகரத்தாரை எள்ளுகிறது. கிமராயிஸ் ரோசாவின் 'கிராந்தி செர்த்தாவோ: வெரேதாஸ்' 1956இல் புதுச்சொல்லாக்கங்களின் களஞ்சியமாக வந்தது. கிளாரிசி லிஸ்பெக்தோர் 1969இல் எழுதிய புதினம் ஒன்று காற்புள்ளியில் தொடங்கி முக்காற்புள்ளியில் முடிகிறது. இவை நடை எனப் போற்றப்பட்டன. இதே காலப்பகுதியில் வந்த கரோலினாவின் சொல்லாக்கம் பிழை எனப் பொறுத்துக்கொள்ளப்பட்டது.

இங்கு ஒரு மறுப்பு எழும். ரோசாவும் லிஸ்பெக்தோரும் விதியறிந்து மீறினர். கரோலினா அறியாது மீறினார். எனவே இரண்டும் ஒன்றல்ல. இம்மறுப்பில் உண்மை உண்டு. மேலே கண்ட முதலிரு வகைகளுக்கும் அது பெரிதும் பொருந்தும். ஆனால் மூன்றாம் வகைக்குப் பொருந்தாது. 'கமா' என்னும் சொல்லை அறியாதவர் எவரும் 'லெய்த்து' என்று எழுதமாட்டார். எளிய சொல் கைவசம் இருக்க அரிய சொல்லைத் தேர்வது தேர்வே. மூன்று வகையையும் 'பிழை' எனத் தொகுத்து, முழுமைக்கும் அறியாமையைக் காரணமாக்குவதில்தான் மறுப்பு தவறுகிறது.

வழுவமைதி என்னும் கருவியின் எல்லையும் இங்குத் தென்படுகிறது. அமைதி கூறுபவர் இலக்கண ஆசிரியர், வழுவியவர் அல்லர். தந்தாசின் முன்னுரை ஒரு வழுவமைதியே: ஃபவேலாவின் உண்மையைக் காட்டும் காரணம் பற்றி இப்பிழைகள் ஏற்கப்படுகின்றன என்பது அதன் பொருள். கரோலினா அத்தகைய மன்னிப்பைக் கேட்கவில்லை. அவர் தம்மைக் கவிஞராக எண்ணினார், புதினம் எழுதினார், 1961ஆம் ஆண்டு தாமே இயற்றிய பாடல்களைப் பாடி இசைத்தட்டு வெளியிட்டார். அவர் நாடியது அமைதியை அன்று, வழாநிலையை. 1955ஆம் ஆண்டுக் குறிப்பில் உள்ள சடங்குச்சொல் அந்நாட்டத்தின் சுவடு. வாசிப்பு உலகம் சாட்சியத்தை மட்டும் கேட்டமையால் இச்சுவடு காணப்படாமல் போயிற்று. 2017ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோவில் அவரைப் போற்ற நிகழ்ந்த கூட்டத்திலேயே அவர் நூல் இலக்கியமன்று என்ற கருத்து எழுந்தது. 2021ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோ கூட்டாட்சிப் பல்கலைக்கழகம் அவருக்கு மறைவுக்குப்பின் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. அதே ஆண்டு எழுத்தாளர் கொன்செய்சாவோ எவாரிஸ்துவும் மகள் வேராவும் பங்கேற்ற குழுவின் மேற்பார்வையில் அவருடைய குறிப்பேடுகள் புதுப்பதிப்பாக வரத் தொடங்கின. எழுத்துமுறையைத் திருத்துவதா காப்பதா என்னும் வினா இன்னும் ஓயவில்லை.

5. தமிழாக்கத்தின் வழி

இந்நூலின் ஆங்கிலப் பெயர்ப்பு 1962ஆம் ஆண்டு 'இருளின் குழந்தை' எனப் பொருள்படும் தலைப்பில் வந்தது. மூலத்தலைப்பு ஓர் அறையைச் சுட்டுகிறது. ஆங்கிலத் தலைப்பு ஓர் ஆளைச் சுட்டுகிறது. கரோலினா நகரத்தை ஒரு வீடாகப் பகுத்து, ஆட்சி மாளிகைகளுக்கு முன்னறைகளையும் ஃபவேலாவுக்குக் குப்பை எறியும் புறத்தையும் ஒதுக்குகிறார். யார் யாரை எங்கே எறிகிறார்கள் என்பது அவர் வினா. 'இருள்' என்னும் உருவகம் அவ்வினாவை அழித்து இரக்கத்தை மட்டும் எஞ்சவிடுகிறது. ஆங்கிலம் வழியே உலக இலக்கியம் பயிலும் தமிழ் ஆய்வுலகம் கருத்தில் கொள்ளவேண்டிய இழப்பு இது.

'தெஸ்பேஜு' என்னும் சொல்லுக்கு மூலவினை கலத்திலுள்ளதைக் கொட்டிக் காலிசெய்வதையும், குடியிருப்போரை வெளியேற்றுவதையும் ஒருங்கே குறிக்கும். தமிழில் 'ஒழித்தல்' இவ்விரண்டையும் தாங்குகிறது. பாத்திரத்தை ஒழித்துப் போடுகிறோம். வாடகை வீட்டை ஒழித்துக் கொடுக்கச் சொல்கிறோம். 'ஒழிபொருளறை' என்னும் தலைப்பு மூலத்தின் இருபொருளையும் காக்கும். கனிந்தே குடியிருப்பும் பின்னர் ஆற்றோரப் பெருஞ்சாலைக்காக ஒழிக்கப்பட்டதை எண்ணும்போது இச்சொல்லின் பொருத்தம் மேலும் விளங்கும்.

கட்டுரையாளரின் முதல் வரைவு நேர்மாறான வழியில் சென்றது. நூல் முழுவதையும் சென்னைக் குடிசைப்பகுதிப் பேச்சில் பெயர்த்தபோது அது உயிர்ப்புடன் அமைந்ததாகவே தோன்றியது. வகுப்பில் படித்தபோது பாராட்டும் கிடைத்தது. 'அலெய்த்தார்' வினையின் பொருள் தெளிந்த பின்னரே அவ்வுயிர்ப்பு எங்கிருந்து வந்தது என்பது விளங்கிற்று. ஏழைப்பெண் இப்படித்தான் பேசுவாள் என்ற எதிர்பார்ப்பை வரைவு நிறைவேற்றியிருந்தது. 1960ஆம் ஆண்டில் ஐயம் எழுப்பியோரின் எதிர்பார்ப்பும் அதுவே.

இரண்டாம் வரைவில் மூவகை விலகலுக்கும் மூவேறு முறைகள் கொள்ளப்பட்டன. எழுத்துமுறை விலகல் தமிழில் போலிசெய்யப்படவில்லை. வேண்டுமென்றே எழுத்துப்பிழை இடுவது ஆசிரியரை ஏளனம் செய்வதாகும். இயைபு விலகல், ஒருமை பன்மை மயங்கும் தமிழ்ப் பேச்சுத்தொடர்களால் அளவாகக் காட்டப்பட்டது. உயர்சொற்கள் உயர்சொற்களாகவே பெயர்க்கப்பட்டன: 'குளிப்பாட்டினேன்' என்னாது 'நீராட்டினேன்', 'தூங்கவைத்தேன்' என்னாது 'துயிற்றினேன்'. ஒரே பத்தியில் 'பிள்ளைகளுக்கு செருப்பு இல்லை' என்பதும் 'துயிற்றினேன்' என்பதும் அருகருகே நிற்கும்போது நடை சீரற்றுத் தோன்றும். அச்சீரின்மை மூலத்தில் உள்ளது. அதனைச் சமன்செய்ய மொழிபெயர்ப்பாளருக்கு உரிமையில்லை.

6. முடிவுரை

கரோலினாவின் நூலில் பிழை எனப்படுவது எழுத்துமுறை, இயைபு, உயர்சொல் என மூன்றாகப் பிரியும். முதலாவது காலத்தைச் சார்ந்தது. இரண்டாவது சமூகத்தைச் சார்ந்தது. மூன்றாவது ஆசிரியரைச் சார்ந்தது. மூன்றையும் ஒன்றாக்கும் வாசிப்பு, காலத்தின் விதியையும் சமூகத்தின் வழக்கையும் காட்டி ஆசிரியரின் தேர்வை மறைக்கிறது.

1888 மே 13ஆம் நாள் பிரேசிலில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எழுபதாண்டுகளுக்குப் பின் அதே நாளில் எழுதிய குறிப்பில் கரோலினா பசியை இக்காலத்து அடிமைமுறையாகக் காண்கிறார். பண்பாட்டுப் பாடங்களில் அந்நாள் ஒரு தேதியாகவே கடந்துபோகும். அதன் பொருளை உணர அவர் மொழிக்குள் செல்லவேண்டும். பிறமொழிக் கல்வியை ஆய்வுத்திட்டமாக மேற்கொள்ளும் தமிழ் மாணவர்கள் இடைமொழியைக் கடந்து மூலத்தை நெருங்குவதால் பெறும் பயன் சொற்றொகையில் மட்டும் இல்லை. தம் பிழைக்கும் ஆசிரியரின் பிழைக்கும் உள்ள வேறுபாட்டை அறிவதே அதன் முதற்பயன். 'பாலூட்டினேன்' என்று எழுதியது கற்பவரின் பிழை. 'துயிற்றினேன்' என்று பொருள்பட அவர் எழுதியது அவருடைய சொல்.